ஆய்வுக் குழுவுக்கு நம்மவர்கள் வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தரும் சிகிச்சை பற்றிய ஒரு ஆய்வில் வேலை செய்கிறேன். 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மனநலச் சேவை வர வேண்டும் என்பது அரசாங்கத் திட்டம், ஆனால் என்ன கேள்வி கேட்பது, யாரிடம் கேட்பது என்பதையெல்லாம் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்காத நாங்கள்தான் இப்போது முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.

உதாரணத்துக்கு, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பிஎச்கியூ-9 (PHQ-9) படிவம். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், கடைசிக் கேள்வி சாக நினைத்ததுண்டா என்பது. பக்கத்தில் மாமியாரோ மகனோ உட்கார்ந்திருந்தால் அதற்கு யார் உண்மையைச் சொல்வார்கள்?

சிகிச்சை எடுத்தவர்களோ அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களோ தொடக்கத்திலிருந்தே ஆலோசகர்களாக வேண்டும். ஊசி, பரிசோதனை எதுவும் கிடையாது, செலவழிக்கும் நேரத்துக்குப் பணம் உண்டு.

தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று பலர் தயங்குவார்கள், நியாயம்தான். அதனால் எங்கே சந்திக்கலாம்? நம்மவர்கள் அதிகம் கூடும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வேண்டவே வேண்டாம் என்கிறார் ஒரு அக்கா. நூலக அறையா, ஸூமா? ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு எந்த நேரம் தோது? பணமாகக் கொடுப்பதா, வவுச்சரா?

யோசனையைக் கீழே எழுதுங்கள். சேர விருப்பமென்றால் தனியாக மெசேஜ் போடுங்கள், பெயரை இங்கே போட வேண்டாம்.