மறு: கெட்டிலுக்குத் தமிழில் என்ன? (எழுசுழி, சாரை)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பருந்துகள் கூட்டமாக வட்டமிட்டு மேலே எழுவதை ஆங்கிலத்தில் ‘கெட்டில்’ (kettle) என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பகலெல்லாம் மலையுச்சியில் நின்றுவிட்டு வந்து படுத்தால் போதும் என்றிருந்ததால் பதில் எழுத முடியவில்லை. இன்று மழை. பறவையும் இல்லை, எனக்கும் வேலை இல்லை.

> கெட்டில் என்றால் கெண்டிதானே. ‘பருந்துக் கெண்டி’ என்று நேராகவே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, கெண்டி என்றதும் மூக்கு வைத்த செம்புதான் கண்ணில் வருகிறது. பாத்திரத்தில் நீர் கொதித்துச் சுழல்வது போல இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். அது அவர்கள் அடுப்படி. நாம் அதைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

சொல்லுக்கு முன்னால், நான் பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் நிற்கிற இடம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பவுனல் என்ற ஊரில் இருக்கும் பிராட்பரி மலை. உயரம் 485 அடிதான். இதை மலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம். கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆனால் உச்சியில் மொட்டைப் பாறை, தூரத்தில் காஸ்கோ விரிகுடா வரைக்கும் பார்வை போகும். கடலைத் தாண்ட விரும்பாத இரைகொல்லிப் பறவைகள் (பருந்து, கழுகு போன்றவை) கரையை ஒட்டியே வடக்கே போவதால் இந்தப் பக்கம் வருகின்றன. அவற்றை எண்ணும் கணக்கெடுப்பு இங்கே 2007-இல் தொடங்கியது. மார்ச் 15 முதல் மே 15 வரை நடக்கும். முதல் வாரங்களில் விரல் விறைத்துப் பென்சில் பிடிக்க வராது. கடைசி வாரங்களில் கடிக்கிற ஈ.

ஏப்ரல் பிற்பாதியில் வருவது, நான் ‘அகல்சிறை வைரி’ (Broad-winged Hawk) என்று எழுதும் பறவை. காக்கை அளவு, வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. குளிர்காலத்தை மத்திய, தென் அமெரிக்காவில் கழித்துவிட்டுத் திரும்புகிறது. அவ்வளவு தூரமும் சிறகடித்துப் பறந்தால் செத்துப்போகும். அதனால், வெயிலில் தரை சூடாகி எழும் காற்றுக்குள் புகுந்து, சிறகை விரித்தபடி வட்டமிட்டே மேலே போகிறது. உச்சிக்குப் போனதும் சிறகைச் சற்று மடக்கி, அடுத்த எழுகாற்று வரைக்கும் வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. ஒன்று காற்றைக் கண்டுபிடித்தால் மற்றவையும் வந்து சேர்ந்துகொள்ளும். அந்தச் சுழலும் கூட்டத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> ‘பருந்து வட்டம்’ எல்லோருக்கும் புரியும்.

புரியும் அக்கா. ஆனால் ‘பருந்து வட்டம், இன்ன மாவட்டம்’ என்று தாசில்தார் முத்திரை குத்தியதுபோல இருக்கிறது. அதைவிட, வட்டத்தில் உயரம் இல்லை. கீழே பத்து, நடுவில் இருபது, மேலே புள்ளியாக இன்னும் சில என்று அது அடுக்கடுக்காக நிற்கும்.

என் சொல் ‘எழுசுழி’. ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்குச் சுழியைச் சொல்லித்தர வேண்டாம், ‘அங்கே போகாதே, சுழி இருக்கு’ என்று கேட்டுத்தான் வளர்ந்திருப்போம். ஆற்றுச் சுழி கீழே இழுக்கும். இது மேலே தூக்கும். அதனால்தான் முன்னால் ‘எழு’. நன்னூலில் சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று அமையும் முறைகளில் (சூத்திர நிலை) ‘பருந்தின் வீழ்வு’ ஒன்று. பருந்து விழுவதற்கு இலக்கணத்திலேயே இடம் கிடைத்துவிட்டது, எழுவதற்கும் ஒரு சொல் இருக்கட்டுமே.

‘ஏழு சுழி’ என்று தப்பாகப் படிப்பார்கள் என்று ஒருவர் கேலி செய்திருந்தார். எழுஞாயிறை யாரும் ஏழு ஞாயிறு என்று படிப்பதில்லை.

அப்புறம், இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. எண்ணுகிறவருக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். போன வாரம் மதியம், தென்மேற்குக் காற்று, வெள்ளை மேகம் ஒன்றின் அடியில் சுழி ஒன்று உருவானது. (மேகமே இல்லாத நீல வானம்தான் எங்களுக்கு எதிரி, பின்னணி இல்லாமல் பறவை கரைந்துவிடும்.) நான் ஆர்வக்கோளாறில் எண்ண ஆரம்பித்து, முப்பது என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர், இருபது வருடமாகப் பருந்து எண்ணுகிறவர், என் கையிலிருந்த எண்ணியை (அமுக்க அமுக்க எண்ணிக்கை கூடும் சின்னக் கருவி) தன் உள்ளங்கையால் மூடினார். பொறு என்றார். சுழிக்குள் ஒரே பறவை மூன்று தடவை கண்ணில் படும், ஒன்றின் பின்னால் இன்னொன்று மறைந்தும் போகும். கொஞ்ச நேரத்தில் மேல் விளிம்பிலிருந்து ஒன்று பிரிந்து வடகிழக்கே வழுக்கியது. அதன் பின்னே இன்னொன்று, இன்னொன்று. நூல்கண்டு பிரிவதுபோல மொத்தக் கூட்டமும் வரிசையாகிவிட்டது. அப்போதுதான் அவர் கையை எடுத்தார். தொலைநோக்கியை ஓர் இடத்தில் அசையாமல் பிடித்து, அந்த இடத்தைக் கடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அமுக்கு. 43.

அந்த வரிசைக்கு ‘ஒழுக்கு’ என்றாலும் நன்றாகத்தான் இருக்கும், அதே சூத்திர நிலைகளில் ‘ஆற்றொழுக்கு’ என்று நன்னூலிலேயே துணையும் உண்டு. ஆனால் எனக்கு ஓட்டுவீடும் மழைக்காலமும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சாரை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. எறும்புச் சாரை என்று குழந்தைக்கும் தெரியும். சாரைப் பாம்போடு குழம்பும் என்றால், வானத்தில் பாம்பைத் தேடுகிறவரை நான் தடுக்க மாட்டேன்.

ஆக, ‘எழுசுழியில் எண்ணாதே, சாரையில் எண்ணு’ என்று புதிதாக வருகிற தம்பிக்குச் சொன்னால் வேலை முடிந்தது. இரண்டு சொல்லையும் தனித்தனியே விவாதித்தால் இந்த வசதி கிடைக்காது என்பதால்தான் சேர்த்தே முன்வைக்கிறேன்.

கணக்கெடுப்புக்குப் பொதுப்பெயர் பற்றி: ‘பருந்து’ என்று மட்டும் போட்டால் விராலடிப்பானும் (மீன் பிடிக்கும் Osprey) கழுகும் கோபித்துக்கொள்ளும். ‘இரைகொல்லிக் கணக்கு’ என்றால் போதும்.

மிச்சம் ஒரு வினைச்சொல்தான். சுழி சாரையாக மாறுகிற அந்தக் கணத்தை என் குறிப்பேட்டில் முதலில் ‘சுழி உடைந்தது’ என்று எழுதினேன். உடைவது போலவே இல்லை. இப்போது ‘அவிழ்ந்தது’ என்று எழுதுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் யாராவது, ஆற்றில் சுழி அடங்கி நீர் மறுபடி ஓட ஆரம்பிப்பதற்கு ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். நாளை காற்று திரும்புகிறதாம். ராத்திரிதான் மடல் பார்ப்பேன்.

அன்புடன்,
மலையிலிருந்து