சாயங்காலம் ஆனால் இறங்கும் இமை

காவேரிப்பட்டணத்திலிருந்து:
அப்பாவுக்கு வயது 62. மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். போன சீசனில் வலது இமை காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் ஆனால் கருவிழியைப் பாதி மூடிவிடும். ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் எடைச் சீட்டைப் படிப்பார். 'வயசாச்சு, தோல் தொங்குது' என்றார்கள். கண்ணாடி மாற்றினோம், காசு போனதுதான் மிச்சம்.

கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது பழைய போட்டோ. பர்ஸில் இருந்த ஓட்டர் ஐடியை எடுத்துக் கொடுத்தார் அப்பா. அதில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. அப்புறம், மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இமை தானாகக் கீழே வந்துவிட்டது. கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு முடிந்து, மூடிய கண்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்துப் பார்த்தால் இமை மேலே! எனக்கு வித்தை பார்த்த மாதிரி இருந்தது.

மயஸ்தீனியா கிராவிஸ் என்றார். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நடுவில் நின்று தடுக்கிறதாம். குளிர் பட்டால் கொஞ்ச நேரம் சேதி போய்ச் சேரும். ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சுக்கு சி.டி. எடுத்தார்கள், இல்லை. மாத்திரை ஓடுகிறது. விழுங்கும்போது புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பென்னாகரத்திலிருந்து:
எங்கள் சித்தப்பாவுக்கு ஒரே ராத்திரியில் இரண்டு இமையும் விழுந்துவிட்டது. கடலைக் காட்டுக்குக் காவல் போய்த் தரையில் படுத்தவர், விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. 'ராத்திரி போட்டிருப்பாரு' என்று சித்தியே சொன்னார். பாவம், அவர் தொட்டுப் பத்து வருஷம் ஆகிறது. மந்திரித்துப் பாடம் போடுகிறவரிடம் கூட்டிப்போகலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்தது, நல்லவேளை 108 முதலில் வந்துவிட்டது. டாக்டர் இமையைப் பார்த்ததும், 'எங்க படுத்திருந்தீங்க?' என்றார். உடம்பில் கடித்த தடமே இல்லை. கட்டுவிரியன். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினார்கள், மூன்று நாள் வென்டிலேட்டர்.

அரூரிலிருந்து:
எனக்குச் சர்க்கரை 14 வருஷமாக இருக்கிறது. இடது இமை முழுதாக மூடிக்கொண்டது, தூக்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. டார்ச் அடித்துக் கண் பாப்பா சுருங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சுருங்காமல் விரிந்தே கிடந்து தலைவலியும் இருந்தால் மூளை ரத்தக்குழாயில் வீக்கமாக இருக்கலாம், அது அவசரம் என்றார்கள். எனக்குச் சுருங்கியது. இமையைத் தூக்கி, கண்ணை அசைக்கிற மூன்றாவது மூளை நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்ததாம். மூன்று மாதத்தில் சரியானது.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
அரூர் அண்ணா, அப்பாவுக்கும் அப்படித்தான் டார்ச் அடித்தார்கள். எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.