கோட்டா இருக்கிறதே, பிறகென்ன தடை?

மாங்குளத்தான்:
கலாநிதிப் (பிஎச்டி) படிப்பில் வன்னிப் பெண்களுக்குத் தடை என்று இந்த இணையப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் 55 வீத இடங்கள் மாவட்ட வாரியான கோட்டா, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். வன்னி மாவட்டங்கள் அதற்குள் வருகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் வந்தாயிற்று. அதன் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. இன்னும் என்ன வேண்டும்?

குளக்கட்டு:
அண்ணை, கோட்டா முதல் பட்டத்துக்குத்தான். கதை அதற்குப் பிறகு தொடங்குகிறது. என்னுடையது குளத்துநீர் ஆய்வு. விடிய ஆறு மணிக்கு ஒட்டுசுட்டான் பக்கம் குளத்தடியில் நிற்க வேண்டும். போத்தல்களை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. தம்பிதான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவான். அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது, நான் நீர் மாதிரிகள் எடுப்பது நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

மாங்குளத்தான்:
ஸ்கூட்டி ஓடாத பெண்பிள்ளை இப்போது வன்னியில் யார்? இந்த மண்ணில் பெண்களும் கண்ணிவெடி அகற்றினார்களே.

குளக்கட்டு:
சரி. அவர்கள் குழுவாகப் போனார்கள், வாகனம் ஏற்றி இறக்கியது, சம்பளமும் இருந்தது. நான் தனியாக, என் காசில், காட்டுப் பாதையில். யானை ஆண் பெண் பார்க்காது, உண்மைதான். ஊர் பார்க்கும்.

செட்டிகுளத்தாள்:
நான் விரிவுரையாளர். சம்பளத்தோடு படிப்பு விடுமுறையில் வெளிநாடு போவதென்றால் பிணைமுறி எழுத வேண்டும். திரும்பி வந்து வேலை செய்யாவிட்டால் பணம் கட்ட வேண்டும், அதற்குப் பிணையாளிகளும் வேண்டும். எனக்கு 2009க்குப் பிறகு அப்பா இல்லை. மாமாவிடம் போனேன். "கலியாணத்தை முடி, மாப்பிள்ளை கையெழுத்து வைக்கட்டும்" என்றார்.

மாங்குளத்தான்:
அது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிணைமுறி பெடியன்களுக்கும் அதேதான், தங்கச்சி. தகப்பன் இல்லாத பெடியன் என்ன செய்வான்?

செட்டிகுளத்தாள்:
என் ஒன்றுவிட்ட தம்பிக்கும் தகப்பன் இல்லை. அவனுக்கு அதே மாமாதான் கையெழுத்து வைத்தார்.

மாங்குளத்தான்:
மாமாவின் மனதைப் பல்கலைக்கழகம் எப்படி மாற்றும்?

குளக்கட்டு:
மாமாவை விடுங்கோ அண்ணை. மாதத்தில் இரண்டு விடியற்காலை ஒரு வாகனமும் சாரதியும் தந்தால் என் வேலை நடக்கும். பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.