கறவை மெஷின் வாங்கலாமா: தோட்டத்து வீட்டுக் குழுவில் நடந்த பேச்சு

வியாழன், காலை 6.52

நான்: அம்மாவுக்கு மணிக்கட்டு வலி மறுபடியும் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் மூன்று மாட்டோடு எழுந்துவிட்டார். மீதி இரண்டையும் நான்தான் கறந்தேன். கறவைக்கு வந்துகொண்டிருந்தவரும் மில் வேலைக்குப் போய்விட்டார். கறவை மெஷின் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். ஈரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். ஒரு நேரத்தில் ஒரு மாட்டைக் கறக்கிற ஒற்றை பக்கெட் 42 ஆயிரம், இரண்டைக் கறக்கிற இரட்டை 60.

அக்கா: ஐந்து மாட்டுக்கு மெஷினா?

பெரிய மாமா: மாப்பிள்ளை, கணக்குப் பாருங்கள். கையில் கறந்தால் மாட்டுக்கு எட்டு நிமிடம், ஐந்துக்கு 40. மெஷினில் ஐந்தைந்து நிமிடம் என்றால் 25. அப்புறம் பக்கெட், குழாய் எல்லாம் கழுவ ஒரு 15. என்ன மிச்சம்?

நான்: நேரத்துக்கு இல்லை மாமா. அம்மா கைக்கு.

பெரிய மாமா: அப்படிச் சொல்லுங்கள். அது வேறு கணக்கு.

அம்மா: 🎤 குரல் பதிவு 0:51

அக்கா: ஆபீசில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். "சத்தம் கேட்டால் செவலை பாலை அடக்கிக்கொள்ளும். வெள்ளச்சிக்கு இடது பின்காம்பு சீக்கிரம் வற்றிவிடும், அது மெஷினுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேட்காமல் வாங்கிவிடாதே." அதற்குமேல் சேவல் கூவுகிறது, ஒன்றும் புரியவில்லை.

அத்தை: அண்ணி கேட்பது நியாயம்தான். மெஷின் வாங்கிய புதிதில் காம்பில் கப்பை மாட்டிவிட்டு நான் தீவனம் கலக்கப் போய்விடுவேன். பால் நின்ற பிறகும் அது வெறும் காம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். இப்படியே ஒரு மாதம். காம்பு நுனி பிதுங்கி, தொட்டால் சுரசுரவென்று இருந்தது. பின்னாலேயே மடிநோய். ஒரு மாட்டுக்கு ஒரு காம்பே போய்விட்டது.

நான்: பால் நின்றது எப்படித் தெரியும் அத்தை?

அத்தை: நாலு கப்பும் சேர்கிற இடத்தில் பால் ஓடுவது வெளியே தெரியும். நூலாக இறங்க ஆரம்பித்ததும் வாக்குவத்தை, அதாவது பாலை உறிஞ்சுகிற இழுவையை, மூடிவிட்டுக் கழற்றணும். மூடாமல் பிடுங்கினால் உள்ளே காற்று புகுந்து, பால் துளி மற்ற காம்புக்குள் தெறிக்கும். வெள்ளச்சி மாதிரி ஒரு காம்பு முதலில் வற்றினால் அந்தக் கப்பை மட்டும் எடுத்து அடைப்பான் போட்டுவிடலாம்.

பெரிய மாமா: வாக்குவம் எவ்வளவு வைக்கிறீர்கள்?

அத்தை: 50 கிலோபாஸ்கலைத் தாண்ட விடுவதில்லை. கப்பு விட்டுவிட்டு இழுக்கிற துடிப்பு நிமிடத்துக்கு 60. விற்றவர் கூட்டி வைத்தால் சீக்கிரம் கறக்கும் என்றார். மடி அவருடையது இல்லையே.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: குட்மார்னிங் படம் தவறி இங்கே வந்துவிட்டது. நான் சொல்வது, முதலில் தட்டு வெட்டுகிற மெஷின் வாங்குங்கள். பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். பாதி சோளத்தட்டு மாட்டுக் காலுக்கடியில்தான் கிடக்கிறது.

நான்: உண்மைதான் சித்தப்பா. ஒருமுனை கரண்டில் ஓடுகிற 2 ஹெச்பி மோட்டார் பார்த்து வைத்திருக்கிறேன். கோடைக்குள் வாங்கிவிடுவேன். கை வலி கோடை வரை பொறுக்காது.

அக்கா: கரண்ட் போனால்?

அத்தை: கைதான். அதனால் தம்பி, நீ கறவையை மறந்துவிடாதே. பெட்ரோல் எஞ்சின் வைத்த மெஷினும் வருகிறது, ஆனால் அந்தப் புகையும் சத்தமும் மாட்டுச்சாலைக்குள் எதற்கு? இன்னொன்று, கடையில் ரப்பர் விலையைக் கேள். கப்புக்குள் இருக்கிற ரப்பர் 2,500 கறவைக்கு என்று சொல்வார்கள். உனக்கு ஒரு நாளைக்குப் பத்து கறவை, கணக்குப்படி எட்டு மாதம் வரும். நீ ஆறு மாதத்தில் மாற்றிவிடு. ரப்பர் வெடித்தால் அந்த வெடிப்பில்தான் கிருமி குடியிருக்கும், எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் போகாது.

பெரிய மாமா: முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். பால் திரி திரியாக வந்தால் மடிநோய், அந்த மாட்டுக்கு மெஷின் போடாதீர்கள், கடைசியில் கையால் கறந்து தனியாகக் கொட்டிவிடுங்கள். கறந்ததும் காம்பை அயோடினில் முக்கணும். தீவனத்தை அதற்குப் பிறகு வையுங்கள். அரைமணி நேரமாவது படுக்காமல் நிற்கணும், காம்புத் துளை மூடும் வரை.

அக்கா: மடி வீங்கினால் கற்றாழை அரைத்துப் போடுவோமே?

பெரிய மாமா: 250 கிராம் கற்றாழை, 50 மஞ்சள்தூள், 15 சுண்ணாம்பு. கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்வதுதான். ஒரு தடவை பூசிவிட்டு விட்டால் போதாது, ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நான்: செவலைக்கு என்ன செய்வது?

அத்தை: மெஷின் வந்ததும் மாட்டாதே. ஒரு வாரம் அது பாட்டுக்குப் பக்கத்தில் ஓடட்டும், நீ கையால் கற. சத்தம் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கோபிக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வா. அவர்களே மாட்டிப் பார்க்கட்டும்.

ஞாயிறு, மாலை 5.40

அத்தை: 📷 புகைப்படம்

அக்கா: அம்மா எதற்குக் கப்புக்குள் கட்டைவிரலை விட்டுக்கொண்டு நிற்கிறார்?

அத்தை: காம்புக்கு வலிக்குமா என்று பார்க்கிறார்களாம். கால் மணி நேரமாக எடுக்கவில்லை.

அம்மா: 🎤 குரல் பதிவு 0:14

அக்கா: "கன்னுக்குட்டி சப்புற மாதிரிதான் இருக்குது. ஒத்தை பக்கெட்டே போதும். வெள்ளச்சியை மட்டும் நான்தான் கறப்பேன்."