பழைய லேசர் பாய்மரப் படகு: உள்ளே தண்ணீர், டெக் (மேல்தளம்) அமுங்குகிறது. எதில் தொடங்க?

கொட்டிவாக்கம்_கரை:
வணக்கம். முதல் பாய்மரப் படகு. 4.23 மீட்டர் லேசர். வெறும் படகு 59 கிலோ இருக்கணும், தராசில் 71 காட்டுது. பின்பக்க அடைப்பானைக் கழற்றினா தண்ணி சொட்டுது. பாய்மரக் குழிக்குப் பக்கத்தில் டெக் அமுங்குது. அடியில் உள்ளங்கை அளவுக்கு ஜெல்கோட் (வெளிப்பூச்சு) பெயர்ந்து நார் தெரியுது. அக்டோபர் மழைக்குள்ள பெயின்ட் அடிச்சு இறக்கிடலாமா?

வாடைக்காற்று:
பெயின்ட் கடைசி வேலை சார். கூடுதல் 12 கிலோவில் பெரும்பங்கு உள்ளே ஃபோம் குடித்த தண்ணீர்தான். முதலில் பாய்மரக் குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அளவைக் குறித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கினால் குழி ஓட்டை. மணல் விழுந்து, அதன்மேல் பாய்மரம் சுழன்று சுழன்று அடியை அரைத்துவிடும்.

மற்ற கசிவுக்கு: காக்பிட் (உட்காரும் பள்ளம்) முன்சுவரில் இருக்கும் சின்னக் காற்றுத் துளைக்கு டேப் ஒட்டுங்கள். அடைப்பான் வழியாகக் குழாய் விட்டு வாயால் ஊதுங்கள். டெக் ஓரம், சுக்கான் பிடிகள், டேகர் போர்டு (நடுவில் கீழே இறக்கும் பலகை) பெட்டி எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை கிளம்பும் இடம்தான் கசிவு. கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம், இணைப்பு பிளந்துவிடும். முடிந்ததும் டேப்பை மறக்காமல் எடுங்கள். நம்ம வெயிலில் உள்காற்று விரிய அந்தத் துளை திறந்திருக்கணும்.

பிறகு குழிக்குப் பக்கத்தில் 5 அங்குல மூடி வைக்கத் துளை போட்டு, பகலில் சின்ன ஃபேன் ஓடவிடுங்கள். ராத்திரி கடல் ஈரம் ஏறும், மூடி வையுங்கள். வாரம் ஒரு முறை எடை. இரண்டு வாரம் எடை இறங்காமல் நின்றால்தான் காய்ந்தது.

கொட்டிவாக்கம்_கரை:
குழி ஓட்டையா இருந்தா எபாக்ஸி பசையும் சாதா மேட்டும் (வெட்டிய கண்ணாடி நார் விரிப்பு) வெச்சு அடைக்கலாமா?

பைபர்_பட்டறை:
அந்த மேட் கூடாது தம்பி. அதன் நாரைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் விறைத்துக்கொண்டு நிற்கும். குழிக்கு எபாக்ஸியும் நெய்த கண்ணாடித் துணியும் போடு, துளை வழியா கை விட்டு வெளிப்பக்கமும் சுற்று. டெக் அமுங்கும் இடத்தில் 5 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. துளை, மேல் தோலில் மட்டும். ஊசியில் எபாக்ஸி ஏற்றி, பாலிதீன் விரித்து மேலே பாரம் வை. ஈரம் இருந்தா ஒட்டாது.

அடிக்காயத்துக்குப் பாலியெஸ்டர் போதும். 2 மி.மீ. கனத்துக்கு ஓரத்தை 24 மி.மீ. சரித்துத் தேய். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ரெசின் சுமார் 1 கிலோ பிடிக்கும். இந்தச் சூட்டில் 100 கிராமுக்கு 1 கிராம் ஹார்டனர் (ரெசினை இறுக வைப்பது) போதும். ஒரு விஷயம் கவனம்: கோபால்ட்டும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஹார்டனரும் நேரா சேர்ந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கு, அப்புறம்தான் ஹார்டனர். அளக்கும் கப்பும் தனித்தனி.