குடும்பக் குழுவில் சபோனின்

சுந்தரம் சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) “புற்றுநோய்ச் செல்களை 48 மணி நேரத்தில் அழிக்கும் சபோனின்! செடிகளில் கொட்டிக் கிடக்கிறது! மருந்து நிறுவனங்கள் மறைக்கும் உண்மை!”

சுந்தரம் சித்தப்பா: அண்ணிக்கு வரவழைக்கலாம் என்றிருக்கிறேன். மாத்திரையாகவே விற்கிறார்கள். கயல், நீ ஆய்வகத்தில்தானே இருக்கிறாய், பார்த்துச் சொல்.

கயல்விழி: செல்களை அழிப்பது உண்மைதான் சித்தப்பா. மறைக்கிறார்கள் என்பதுதான் பொய். ஆய்விதழ்களில் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன.

சுந்தரம் சித்தப்பா: உண்மைதான் என்றால் அப்புறம் என்ன யோசனை?

கயல்விழி: அழிவது ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல். பக்கத்தில் நல்ல செல் இருந்தால் பல நேரம் அதுவும் சேர்ந்து அழியும். சபோனின் என்பது செடிகளில் இருக்கும், சோப்பு போல நுரைக்கும் ஒரு வகைப் பொருள். அதன் ஒரு பகுதி சர்க்கரை, நீரோடு சேரும். மறுபகுதி கொழுப்போடு சேரும். நுரைப்பது இதனால்தான். செல்லின் மேலுறையில் கொலஸ்ட்ரால் உண்டு. பல சபோனின்கள் அதைப் பற்றிக்கொண்டு உறையில் துளை போட்டுவிடும். செல்லுக்குள் சாயமேற்ற வேண்டுமென்றால் நாங்கள் உறையைத் திறக்க எடுப்பதே சபோனின் கரைசலைத்தான்.

வசந்தி அத்தை: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை!

கயல்விழி: அதேதான் அத்தை. நேராக இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களே உடைந்துபோகும்.

அருண்: அக்கா, துளை போடுவது மட்டும்தானா? ஜின்செங் என்ற மூலிகை வேர் பற்றி வேறு மாதிரி படித்தேனே.

கயல்விழி: சரியான இடத்தைத் தொட்டாய். குறைந்த அளவில் சில சபோனின்கள் உறையைக் கிழிப்பதில்லை. செல் பிரிவதை நிறுத்துகின்றன, அல்லது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா வழியாகச் செல்லைத் தானே மடியச் செய்கின்றன. ஜின்செங்கில் உள்ள ஆர்ஜி3 என்ற சபோனின், கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கிறது. சீனாவில் அது கீமோதெரபியோடு சேர்த்துத் தரப்படும் மருந்து. ஆர்னிதோகேலம் என்ற பூச்செடியின் கிழங்கில் ஓஎஸ்டபிள்யூ-1 என்று ஒரு சபோனின் இருக்கிறது. மிகமிகச் சிறிய அளவே போதும், செல்லுக்குள் கொழுப்பைக் கடத்தும் ஒரு புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு. ஆனால் மருந்துக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சுந்தரம் சித்தப்பா: பார்த்தாயா, சீனாவில் கொடுக்கிறார்கள்!

கயல்விழி: ஒரே ஒரு மூலக்கூறைத் தனியே பிரித்து, அளவு குறித்து, கீமோவுக்குத் துணையாக. உங்கள் டப்பாவில் எந்தச் சபோனின், எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறதா?

சுந்தரம் சித்தப்பா: “100% இயற்கை” என்று போட்டிருக்கிறது.

வசந்தி அத்தை: 😄

அருண்: விழுங்கினால் கட்டி வரை போய்ச் சேருமா?

கயல்விழி: பெரும்பகுதி குடலைத் தாண்டாது. அங்குள்ள பாக்டீரியா சர்க்கரைகளை வெட்டி வேறு பொருளாக்கிவிடும். அந்த பாக்டீரியாவும் ஆளுக்கு ஆள் மாறும். தட்டில் கண்ட கணக்கு உடம்பில் பொய்த்துப்போவது இங்கேதான்.

சுந்தரம் சித்தப்பா: உள்ளேயே போகாது என்றால் கெடுதலும் இல்லையே?

கயல்விழி: அதிமதுரத்தின் கிளைசிரைசினும் சபோனின்தான். அளவு மீறினால் பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். கீமோ மருந்தைக் கல்லீரல் வெளியேற்றும் வேகத்தையும் சில மூலிகைச் சாறுகள் மாற்றிவிடும்.

சபோனினைக் குறை சொல்லவில்லை சித்தப்பா. சிலி நாட்டுக் குயில்லாயா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் க்யூஎஸ்-21 என்ற சபோனின், அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு ஊசிக்கு 50 மைக்ரோகிராம், அவ்வளவுதான்.

பத்மா பெரியம்மா: எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுந்தரம், பணம் கட்டிவிட்டாயா?

சுந்தரம் சித்தப்பா: இன்னும் இல்லை அண்ணி.

பத்மா பெரியம்மா: கட்டாதே. கயல், என்னைப் பார்க்க வந்த ஒருவர் மூலிகைப் பொடி ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

அருண்: அம்மா! என்ன பொடி? என்னிடம் சொல்லவே இல்லையே!

கயல்விழி: கட்டாயம் காட்டுங்கள் பெரியம்மா. சாப்பிட்டீர்களா?

பத்மா பெரியம்மா: ஒரு சிட்டிகை. வாயில் வைக்க முடியாத கசப்பு, அத்தோடு நிறுத்திவிட்டேன்.

கயல்விழி: இனித் தொட வேண்டாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

பத்மா பெரியம்மா: பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. முன்பக்கத்தில் ஓர் இலை வரைந்திருக்கிறது.