தீமில் ஸ்டோர்டு எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை: புதுப்பிப்பு வராத நிலையில் தளத்தைக் காப்பது எப்படி?

வினவியவர்:

அனைவருக்கும் வணக்கம். பலர் சேர்ந்து எழுதும் இதழ் ஒன்றை வேர்ட்பிரஸ்ஸில் நடத்திவருகிறேன். எழுதுபவர்களில் பெரும்பாலோர் பங்களிப்பாளர் நிலையில் இருப்பவர்கள். அவர்கள் கட்டுரையை அனுப்பி வைப்பார்கள், நான் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து முன்னோட்டம் பார்த்துவிட்டு வெளியிடுவேன். தளத்தில் நிறுவியிருக்கும் பாதுகாப்புப் பிளகின், எங்கள் தீமில் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பில்) ஸ்டோர்டு கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் (எக்ஸ்எஸ்எஸ்) ஓட்டை, அதாவது ஒருவர் சேமித்துவைத்த ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திறக்கும் இன்னொருவரின் உலாவியில் ஓட வழிவிடும் ஓட்டை, இருக்கிறது என்றும், அதற்குப் பங்களிப்பாளர் கணக்கு ஒன்றே போதும் என்றும், அதன் தீவிர மதிப்பு பத்துக்கு 6.4 என்றும் சென்ற வாரம் எச்சரித்தது. தீம் உருவாக்கியவர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை.

உண்மைதானா என்று பார்க்க, கட்டுரைக்கான துணைத்தலைப்புப் பெட்டியில், தடித்த எழுத்துக்கான ஹெச்டிஎம்எல் குறியை ஒரு சொல்லின் இருபுறமும் இட்டுச் சேமித்தேன். முன்னோட்டத்தில் குறி எழுத்தாகத் தெரியவில்லை. சொல்தான் தடித்துத் தெரிந்தது. அதாவது, பெட்டியில் எதை இட்டாலும் அது அப்படியே பக்கத்தின் நிரலாகிவிடுகிறது.

இப்போதே வேறு தீமுக்கு மாற வேண்டுமா, இல்லை இதையே சரிசெய்ய வழியுண்டா? ஏற்கெனவே யாராவது இதைப் பயன்படுத்தியிருந்தால் அதை எப்படிக் கண்டறிவது?

முதல் மறுமொழி:

நீங்கள் செய்து பார்த்த சோதனை சரியானது. ஓட்டை இருப்பது உறுதி. 6.4 என்ற எண் நடுத்தரம் போலத் தோன்றினாலும், உங்கள் தளத்தின் நடைமுறையை வைத்துப் பார்த்தால் இது அவசரமாகக் கவனிக்க வேண்டியது. பங்களிப்பாளர் எழுதும் கட்டுரையின் உடலை வேர்ட்பிரஸ் சேமிக்கும்போதே வடிகட்டிவிடும், ஏனென்றால் வடிகட்டாத ஹெச்டிஎம்எல் இடும் உரிமை அந்த நிலைக்குக் கிடையாது. ஆனால் தீம் தானாகச் சேர்த்த துணைத்தலைப்புப் பெட்டிக்கு அந்த வடிகட்டி தானே வந்து நிற்காது. அது தீம் எழுதியவரின் பொறுப்பு. அவர் அதைச் செய்யத் தவறியிருக்கிறார். ஆகவே தீய ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தில் காத்துக்கிடக்கும். நீங்கள் நிர்வாகியாக முன்னோட்டத்தைத் திறக்கும் கணத்தில், உங்கள் உலாவியில், உங்கள் உரிமையோடு ஓடும். கட்டுரை வெளியாக வேண்டும் என்ற தேவைகூட இல்லை.

எனவே முதலில், கட்டுரைகளை நிர்வாகிக் கணக்கில் திறந்து பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். எடிட்டர் நிலையில் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, நிர்வாகிக் கணக்கு நுழைந்திராத வேறொரு உலாவியில் அதைப் பயன்படுத்துங்கள். ஓட்டை இதனால் அடைபடாது என்றாலும், அதன் வழியாகப் புதிய நிர்வாகியைச் சேர்ப்பதோ பிளகின் நிறுவுவதோ நடக்காது.

அடுத்து நிரல். தீமில் போஸ்ட் மெட்டா (கட்டுரையோடு சேமிக்கப்படும் கூடுதல் விவரம்) மதிப்பை எடுத்து நேரே எக்கோ செய்யும் (பக்கத்தில் எழுதும்) இடங்களைத் தேடுங்கள். திருத்தத்தின் அடிப்படை, மதிப்பு பக்கத்தில் எழுதப்படும் கடைசி நொடியில், அது போய் விழும் இடத்துக்கு ஏற்றபடி எஸ்கேப் செய்வதுதான், அதாவது நிரலாகாமல் வெறும் எழுத்தாகவே தெரியும்படி சிறப்புக் குறிகளை மாற்றுவதுதான். குறிகளுக்கு நடுவே வரும் வெறும் உரைக்கு எஸ்க் ஹெச்டிஎம்எல், பண்புக்கூறின் மேற்கோள் குறிக்குள் வருவதற்கு எஸ்க் ஆட்டர், இணைப்பு முகவரிக்கு எஸ்க் யூஆர்எல், சில குறிகளை மட்டும் அனுமதிக்க வேண்டிய உரைக்கு டபிள்யூபி கேஎஸ்இஎஸ் போஸ்ட் என்று வேர்ட்பிரஸ்ஸிலேயே செயற்கூறுகள் இருக்கின்றன. இவற்றை மாற்றிப் போட்டால் பயன் இல்லை: இணைப்பு முகவரிக்கு எஸ்க் ஆட்டர் மட்டும் போட்டால், ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும் முகவரி எந்தச் சேதமும் இன்றி உள்ளே போய்விடும்.

தீம்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் திருத்தியவர்களே இதில் ஏமாந்துபோகிறார்கள். தலைப்பை ஹெச்2 குறியில் காட்டுவதா, ஹெச்3 குறியில் காட்டுவதா என்று தேர்வு செய்யும் வசதியைப் பல தீம்கள் தருகின்றன. தேர்ந்த குறிப்பெயரைக் கோணக்குறிக்குள் அப்படியே எக்கோ செய்கின்றன. தாக்குபவர் அந்த இடத்தில் படத்துக்கான குறிப்பெயரையும், அதன் பின் ஓர் இடைவெளி விட்டு, இல்லாத ஒரு பட முகவரியையும், படம் ஏறத் தவறும்போது ஸ்கிரிப்டை ஓட்டும் ஆன்எர்ரர் பண்பையும் எழுதி அனுப்புவார். அந்தச் சரத்தில் கோணக்குறியும் இல்லை, மேற்கோளும் இல்லை. ஆகவே சேமிக்கும்போது வடிகட்டிக்கு அதில் பிடிக்க ஒன்றும் இருக்காது, எஸ்க் ஆட்டரும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. கோணக்குறியைத் தீமே போட்டுக்கொடுத்துவிடுகிறது! இங்கே எஸ்கேப் உதவாது; ஹெச்1 முதல் ஹெச்6 வரை, பத்தி, டிவ், ஸ்பேன் என்று அனுமதிக்கும் பெயர்களைப் பட்டியலிட்டு, அதில் இல்லாதது வந்தால் ஹெச்2 என்று வைத்துவிட வேண்டும்.

திருத்தங்களைச் சைல்ட் தீமில் (மூலத் தீமைத் தொடாமல் அதன் மேல் அமரும் துணைத் தீமில்) வைப்பது நல்லது. ஆனால் வார்ப்புருக் கோப்புகளைத்தான் அப்படி எளிதாக மாற்ற முடியும். ஃபங்ஷன்ஸ் கோப்பில் உள்ள ஒரு செயற்கூறு, அதே பெயரில் முன்பே ஒன்று இருக்கிறதா என்று சோதித்து எழுதப்படவில்லை என்றால், மூலக் கோப்பையே தொட வேண்டியிருக்கும்.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடு. பிஹெச்பி கோப்புகளோடு நின்றுவிட வேண்டாம் என்று மட்டும் சேர்க்கிறேன். சர்வர் ஒழுங்காக எஸ்கேப் செய்து தரவுப் பண்பில் வைத்த மதிப்பை, தீமின் ஜாவாஸ்கிரிப்ட் எடுக்கும்போது உலாவி அதைப் பழைய உருவுக்கே அவிழ்த்துத் தரும். அதை, உரையை நிரலாகவே படிக்கும் இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாகப் பக்கத்தில் செருகினால் செய்த காவல் அனைத்தும் வீண். படத்தொகுப்பின் விளக்கக் குறிப்பு, மிதக்கும் குறிப்புப்பெட்டி ஆகிய இடங்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. வெறும் எழுத்தாகவே இடும் டெக்ஸ்ட்கன்டென்ட் என்று மாற்றினால் தீர்ந்தது.

சேமிக்கும்போது ஆபத்தான சொற்களை மட்டும் நீக்கிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் பரவிய சாமி புழு (தானே பரவும் தீய நிரல்) ஸ்டோர்டு எக்ஸ்எஸ்எஸ் வகையைச் சேர்ந்ததுதான். ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லை அத்தளம் வடிகட்டிக்கொண்டுதான் இருந்தது. புழுவை எழுதியவர் அந்தச் சொல்லின் நடுவே ஒரு வரிமுறிவை இட்டார், அன்றைய சில உலாவிகள் அதைச் சேர்த்தே படித்தன. ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பக்கங்களில் அது தொற்றிவிட்டது.

வினவியவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு போஸ்ட் மெட்டா அட்டவணையில் தேடியபோது, நான்கு மாதங்களுக்கு முன் வந்து வெளியிடாமல் விட்ட ஒரு கட்டுரையின் துணைத்தலைப்பில், சாதாரண வாக்கியம் ஒன்றின் பின்னால் வெளித்தளத்திலிருந்து கோப்பு ஒன்றை இறக்கும் ஸ்கிரிப்ட் குறி இருந்தது. அந்தக் கட்டுரையை நான் முன்னோட்டம் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸின் நுழைவுக் குக்கிகளை ஸ்கிரிப்டால் படிக்க முடியாது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் தப்பித்துவிட்டேன் என்று கொள்ளலாமா? கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று உலாவிக்குத் தளம் சொல்லும் விதி) இருந்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்குமா?

மூன்றாம் மறுமொழி:

அப்படிக் கொள்ள வேண்டாம். குக்கியை ஸ்கிரிப்ட் படிக்காமல் தடுக்கும் ஹெச்டிடிபிஒன்லி குறிப்பு இருப்பதால் குக்கியைத் திருட முடியாது என்பது உண்மை. ஆனால் திருட வேண்டிய தேவையே இல்லை. உங்கள் உலாவியில் ஓடும் ஸ்கிரிப்ட், புதிய பயனர் சேர்க்கும் நிர்வாகப் பக்கத்தைப் பின்னணியில் வரவழைத்து, அதிலுள்ள நான்ஸ் குறியீட்டை (படிவம் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் அடையாளத்தை) படித்து, நீங்களே படிவத்தை நிரப்பியதுபோல் ஒரு நிர்வாகியைச் சேர்த்துவிடும். குக்கியை உலாவியே உடன் அனுப்பிவிடும். ஆகவே தளம் ஊடுருவப்பட்டது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

பயனர் பட்டியலில் நீங்கள் சேர்க்காத நிர்வாகிகளையும், அந்தக் கட்டுரையை முன்னோட்டம் பார்த்த நாளுக்குப் பின் மாறிய அல்லது புதிதாக வந்த பிஹெச்பி கோப்புகளையும் பாருங்கள். குறிப்பாக அப்லோட்ஸ் கோப்புறையில் பிஹெச்பி கோப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிறகு எல்லா நிர்வாகிகளின் கடவுச்சொற்களையும், கான்ஃபிக் கோப்பில் உள்ள எட்டு ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். சாவிகளை மாற்றியதும் நுழைந்திருக்கும் அனைவரும் வெளியேற்றப்படுவார்கள். தீம் திருத்தப்பட்டாலும் தரவுத்தளத்தில் கிடப்பது தானாகப் போகாது. போஸ்ட் மெட்டாவைப் போலவே ஆப்ஷன்ஸ் அட்டவணையில் தீம் மாட்ஸ் என்று தொடங்கும் பதிவுகளையும் தேட வேண்டும். அவை சீரியலைஸ் செய்யப்பட்டவை (பல மதிப்புகளை ஒரே சரமாகக் கோத்தவை), ஒவ்வொரு சரத்தின் நீளமும் அதனுடன் எழுதப்பட்டிருக்கும். எஸ்க்யூஎல்லில் நேரே வெட்டினால் நீளம் பொருந்தாமல் தீம் அமைப்புகள் அனைத்தும் குலைந்துவிடும் என்பதால், டபிள்யூபி சிஎல்ஐ என்னும் கட்டளைவரிக் கருவியின் தேடி மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். முடித்ததும் பக்கத் தற்காலிகச் சேமிப்பைக் காலிசெய்ய மறக்காதீர்கள்.

பாலிசியைப் பொறுத்தவரை, ஸ்கிரிப்ட் வரக்கூடிய தளங்களைக் கட்டுப்படுத்தியிருந்தால் நீங்கள் கண்ட அந்தக் குறி தடுக்கப்பட்டிருக்கும். ஆயினும் வரிக்குள் (பக்கத்தின் நிரலுக்குள்ளேயே) எழுதும் ஸ்கிரிப்டுகளையும் அனுமதித்தால், ஆன்எர்ரர் போன்றவை தாராளமாக ஓடும். அனுமதிக்காவிட்டால் வேர்ட்பிரஸ்ஸின் நிர்வாகப் பக்கங்கள் உடையும். வாசகர் காணும் பக்கங்களுக்கு மட்டும், முதலில் அறிக்கை மட்டும் அனுப்பும் முறையில் வைத்து, இரண்டு வாரம் கவனித்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். அதுவரை கான்ஃபிக் கோப்பில் டிஸ்அலவ் ஃபைல் மாட்ஸ் மாறிலியை இயக்கி வைத்தால், நிர்வாகி உரிமை களவுபோனாலும் டாஷ்போர்டிலிருந்து பிளகின் நிறுவவோ தீம் கோப்பைத் திருத்தவோ முடியாது. ஆனால் அது டாஷ்போர்டு வழியான புதுப்பிப்புகளையும் நிறுத்திவிடும் என்பதால், அவற்றை நீங்களே சர்வரில் செய்துவர வேண்டும்.